ஆறாவது சோதனைக்கு என்ன விலை?

1975ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் டங்கன் நியூஹவுசர், ஆன் லெவிக்கி. பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பதற்காக, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் மலிவான சோதனையை ஒருவருக்கு ஆறு முறை அடுத்தடுத்துச் செய்யும்படி அன்று அமெரிக்காவில் பரிந்துரை இருந்தது. முதல் சோதனைக்கு 4 டாலர், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 1 டாலர். இவ்வளவு மலிவான ஒன்றை ஆறு முறை செய்தால்தான் என்ன என்று யாருக்கும் தோன்றும். இருவரும் 10,000 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் 72 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். முதல் சோதனையே ஏறத்தாழ 66 பேரைக் கண்டுபிடித்துவிடுகிறது. இரண்டாவது இன்னும் ஐந்தாறு பேரைச் சேர்க்கிறது. ஆறாவதற்கு வரும்போது புதிதாக அகப்படுவது ஒரு நோயாளியில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. மொத்தச் செலவை மொத்த நோயாளிகளால் வகுத்தால் ஒருவருக்கு 2,451 டாலர் என்று அடக்கமான தொகை வருகிறது. ஆறாவது சோதனை கூடுதலாகக் கண்டுபிடிப்பதை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஒரு நோயாளிக்கு 4 கோடியே 71 லட்சம் டாலர் ஆகிறது.

எல்லாருடைய கண்ணும் அந்தப் பெரிய தொகையிலேயே நின்றது. அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஆறு சோதனைகளும் முடியும்போது, புற்றுநோயே இல்லாத ஏறத்தாழ 790 பேருக்கு ‘இருக்கலாம்’ என்று முடிவு வந்திருக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் பேரியம் எனிமா எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டும். அதற்குத் தலைக்கு 100 டாலர் என்று கட்டுரை எழுதிக்கொண்டது. மருந்து குடித்துக் குடலைக் காலிசெய்வது, ஆசனவாய்க் குழாய் வழியே பேரியத்தை ஏற்றிக்கொண்டு எக்ஸ்ரே மேசையில் புரண்டு படுப்பது, முடிவு வரும்வரை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பது ஆகியவற்றுக்கு எந்த எண்ணும் இல்லை. அந்த 4.7 கோடி ஒருபோதும் இருந்ததே இல்லை, கட்டுரையின் அனுமானங்கள் பிழையானவை என்று 1990இல் பிரவுன், பரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். தொகையைப் பற்றிய அந்தச் சர்ச்சை நியாயமானது. ஆனால் ஒரு படி கூடுதலாக ஏறும்போது எவ்வளவு கிடைக்கிறது, அதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அதனால் அழியவில்லை. புற்றுநோய்ப் பரிசோதனையின் பொருளாதார மதிப்பீடு வளர்ந்த வரலாறு, ‘யார் என்ன கொடுக்கிறார்கள்’ என்ற பாதியை மெல்ல மெல்லக் கணக்குக்குள் கொண்டுவந்த வரலாறுதான். அந்தப் பாதியைச் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் மக்களுக்கு நீதி செய்யாது என்பதே என் வாதம்.

ஸ்கிரீனிங் எனப்படும் முன்கூட்டிய பரிசோதனை, சிகிச்சையைப் போன்றதன்று. சிகிச்சையில் நோயாளி மருத்துவரைத் தேடி வருகிறார். அவருக்கு வலி இருக்கிறது. எதையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். ஸ்கிரீனிங்கில் மருத்துவம் நலமாக இருப்பவரைத் தேடிப் போகிறது. ஆயிரம் பேரை அழைத்தால் பயனடைவோர் மிகச் சிலரே. மீதிப் பேர் நலமாக வந்து, பெரும்பாலும் நலமாகவே திரும்புகிறார்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் பத்து நெறிகளை வகுத்தார்கள். தேடப்படும் நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும், சோதனை மக்கள் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பவற்றோடு, நோயைத் தேடும் செலவு மொத்த மருத்துவச் செலவோடு பொருந்தி நிற்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. நெறிகள் தெளிவாக இருந்தன. பொருந்தி நிற்கிறதா என்று அளந்து பார்க்கும் கோல்தான் அன்று கையில் இல்லை.

அந்தக் கோல் உருவானது புற்றுநோய்த் துறையில் அல்ல. அதே 1968இல் ஹெர்பர்ட் கிளார்மனும் அவருடைய சகாக்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான டயாலிசிஸையும் மாற்றுச் சிறுநீரக அறுவையையும் ஒப்பிட்டபோது ஒரு சிக்கலைச் சந்தித்தார்கள். வாரத்தில் பல மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு வாழும் ஓர் ஆண்டும், மாற்றுச் சிறுநீரகத்தோடு நடமாடும் ஓர் ஆண்டும் ஒன்றாகுமா? ஆகாது என்று முடிவுசெய்து, பின்னதைக் கால் பங்கு கூட்டி மதித்தார்கள். 1970இல் ஃபேன்ஷலும் புஷ்ஷும் உடல்நிலைகளுக்கு எண் கொடுக்கும் அளவுகோலை முன்வைத்தார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டொரன்ஸ் அந்த எண்ணை மக்களிடமே கேட்டுப் பெறும் வழியைக் கண்டார். கேள்வி எளிமையானது: இந்த நோய்நிலையில் உங்களுக்குப் பத்து ஆண்டு வாழ்வு இருக்கிறது, முழு நலத்தோடு எத்தனை ஆண்டு கொடுத்தால் அந்தப் பத்தை விட்டுக்கொடுப்பீர்கள்? எட்டு என்று ஒருவர் சொன்னால் அந்த நிலையின் மதிப்பு 0.8. ஐந்து என்றால் 0.5. இப்படித் தரம் சேர்த்து எண்ணிய ஆயுள் ஆண்டுக்கு ஆங்கிலச் சுருக்கத்தில் ‘குவாலி’ என்று பெயர் வந்தது. 1977இல் வைன்ஸ்டைன், ஸ்டேசன் இருவரும் மருத்துவச் செலவை இந்த அலகால் அளக்கும் முறையை வகுத்து எழுதிய பின், அது உலகெங்கும் பரவியது.

புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இந்தக் கோல் அரசாங்க அளவில் வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது பிரிட்டன். மார்பகப் புற்றுநோய்க்கு மேமோகிராம் உதவும் என்பதற்கு அப்போது இரண்டு வலுவான சான்றுகள் இருந்தன. நியூயார்க்கின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் 1963இல் தொடங்கி ஏறத்தாழ 62,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று. 1977இல் ஸ்வீடனின் இரு மாவட்டங்களில் தொடங்கி, மரணம் 31 விழுக்காடு குறைந்ததாக 1985இல் அறிவித்த ஆய்வு மற்றொன்று. எடின்பரோவின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பேட்ரிக் ஃபாரஸ்ட் தலைமையில் அமைந்த குழு 1986இல் தந்த அறிக்கை, மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், தீங்கு சொற்பம், செலவும் குறைவு என்றது. 50 முதல் 64 வயது வரையான பெண்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்ற தேசியத் திட்டம் 1988இல் நடைமுறைக்கு வந்தது. அறிக்கையின் சிறப்பு, கிடைக்கும் பயனைக் குவாலியில் கணக்கிட்டது. அதன் குறையும் அங்கேயே இருந்தது. ஸ்கிரீனிங்கால் தப்பிப் பிழைக்கும் பெண்ணின் ஆண்டுகளுக்குத் தரம் சேர்த்து எண்ணினார்கள். இல்லாத நோய்க்காகத் திரும்ப அழைக்கப்படும் பெண்ணின் பதற்றத்துக்கும், வளராமலே இருந்திருக்கக்கூடிய கட்டிக்காக மார்பகத்தை இழக்கும் பெண்ணின் வாழ்வுக்கும் கழிக்கும் எண் எதையும் போடவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, 2011இல், ஜேம்ஸ் ராஃப்டரியும் மரியா கொரோசோக்லுவும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் அந்தக் கணக்கை மறுபடியும் போட்டார்கள். ஃபாரஸ்ட் குழுவின் முறையைப் புதிய தரவுகளோடு புதுப்பித்தபோது, ஒரு லட்சம் பெண்களுக்கு இருபது ஆண்டில் 3,301 குவாலி கிடைத்தது. பொய் எச்சரிக்கைகளையும் தேவையில்லாத அறுவைகளையும் சேர்த்ததும் அது 1,536 ஆகக் குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழுவின் கடுமையான மதிப்பீடுகளைப் பயன்படுத்தினால் முதல் ஏழு ஆண்டுக்கு நிகரப் பயன் பூஜ்யத்துக்குக் கீழே போய், பத்தாம் ஆண்டில் 70 குவாலிக்கும் இருபதாம் ஆண்டில் 834 குவாலிக்கும் ஏறியது. இதன் காரணம் எளிது. தீங்கு உடனே வருகிறது. பயன் பல ஆண்டு கழித்து வருகிறது. மைக்கேல் மார்மட் தலைமையிலான சுயேச்சைக் குழு 2012இல் தந்த அறிக்கை இதையே எண்களாகச் சொன்னது: 50 வயதிலிருந்து இருபது ஆண்டு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 மரணங்கள் தடுக்கப்படுகின்றன; 129 பேருக்கு, வாழ்நாளில் தொல்லையே தந்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் நடக்கிறது. திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை அந்தக் குழு; அது பயனுள்ளது, தொடர வேண்டும் என்றே சொன்னது. ஆனால் இரண்டு எண்களையும் பெண்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. அழைப்போடு போகும் துண்டறிக்கை அதன்பின் திருத்தி எழுதப்பட்டது. கால் நூற்றாண்டாக அந்தப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே.

இரண்டாவது பக்கத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்காசியாவில் இரண்டு சாட்சிகள் உண்டு. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியைச் சிறுநீர்ச் சோதனையால் ஆறு மாதத்திலேயே கண்டுபிடிக்கும் முயற்சி 1970களில் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கி, 1980களின் நடுவில் நாடெங்கும் பரவியது. கண்டறியப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது. அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வெற்றி என்றே தோன்றியது. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002இல் வெளிவந்தபோது, ஸ்கிரீனிங்கால் மரணம் குறையவே இல்லை என்று தெரிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளில் பல, தாமாகவே கரைந்துபோகக் கூடியவை. ஜப்பான் 2004இல் திட்டத்தைக் கைவிட்டது. தென்கொரியாவில் 1999இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு சேர்க்கப்படவில்லை. ஆனால் சிறு கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளும் வழக்கம் மருத்துவமனைகளில் வேரூன்றியது. 2011இல் 40,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1993இல் இருந்த விகிதத்தைப் போல் பதினைந்து மடங்கு. ஆண்டுதோறும் அந்த நோயால் இறப்பவர் எண்ணிக்கையோ 300, 400 என்று அசையாமல் நின்றது. கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லாருக்கும் அறுவை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை விழுங்க வேண்டியவர்கள். சிலருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் சுரப்பி பழுதானது. சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. இவர்கள் யாரும் மரணப் பட்டியலில் வரமாட்டார்கள். வாழ்வின் தரத்தை எண்ணினால் ஒழிய இவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

உயிருக்கு விலை போடுவதா என்பதே இந்த முறை மீதான முதல் எதிர்ப்பு. உணர்ச்சியளவில் இதற்கு வலு அதிகம். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரிடம் போய் ஒரு குவாலிக்கு எவ்வளவு என்று பேச முடியாது. ஆனால் விலை போடும் வேலையைப் பொருளாதார மதிப்பீடு புதிதாகக் கொண்டுவரவில்லை. எந்தச் சுகாதாரத் துறைக்கும் ஒதுக்கீடு ஓர் எல்லைக்கு உட்பட்டதே. ஒரு பரிசோதனைக்கு ஒதுக்கும் பணம், செவிலியரின் நேரம், அறுவை அரங்கின் நாள் எல்லாம் இன்னொரு நோயாளியிடமிருந்து எடுக்கப்படுபவை. கணக்குப் போடாவிட்டாலும் அந்த எடுப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் தெரியாமல் போகும். குரல் ஓங்கியவர்களின் நோய்க்குப் பணம் போகும், குரலற்றவர்களின் நோய் காத்திருக்கும். மேலும், தரத்தைச் சேர்த்து எண்ணுவது பல சமயம் முடிவைத் தனிமனிதரிடமே திருப்பித் தருகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையைப் பற்றி 2012இல் ஐரோப்பிய ஆய்வுத் தரவுகளைக் கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இதைக் காட்டும். 55 முதல் 69 வயது வரை ஆண்டுதோறும் சோதித்தால், 1,000 ஆண்களுக்கு 9 மரணங்கள் குறைந்து, 73 ஆயுள் ஆண்டுகள் கிடைக்கின்றன. சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற பின்விளைவுகளைச் சேர்த்தால் அது 56 குவாலியாகிறது. அந்த 56உம் உறுதியான எண்ணன்று. பின்விளைவுகளை ஒருவர் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார் என்பதைப் பொறுத்து அது மைனஸ் 21 முதல் 97 வரை போகலாம். இதற்குப் பொருள், அனைவருக்கும் ஒரே விடை கிடையாது, மருத்துவர் இருபுறத்தையும் சொல்லி அந்த மனிதரே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. நோய்நிலைக்கு 0.8 என்றும் 0.5 என்றும் எண் கொடுத்தால், ஏற்கெனவே ஊனத்தோடு வாழ்பவரின் ஓர் ஆண்டு, நலமானவரின் ஓர் ஆண்டைவிடக் குறைந்ததாகிவிடாதா? இது கற்பனைப் பயமில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவத்தை இப்படி வரிசைப்படுத்த முயன்றபோது, மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடு என்ற காரணத்தால் 1992இல் மத்திய அரசு அதை மறுத்தது. 2010ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவச் சீர்திருத்தச் சட்டமும், ஊனத்தைக் காட்டி வாழ்வின் மதிப்பைக் குறைக்கும் அளவுகளை வரம்பாகப் பயன்படுத்தத் தடை விதித்தது. இந்தக் கண்டனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். யாருக்குச் சிகிச்சை தருவது என்று ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க இந்தக் கோலைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்கிரீனிங்கில் எழும் கேள்வி வேறு. இங்கே ஒருவரின் வாழ்வை இன்னொருவரின் வாழ்வோடு ஒப்பிடவில்லை. நலமாக இருந்த அதே பெண்ணின் நாள்களை, நாம் அழைக்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதோடு ஒப்பிடுகிறோம். அவரிடமிருந்து நாம் எடுத்ததை எண்ணாமல் விடுவதுதான் அவருடைய வாழ்வை மதிக்காத செயல்.

மூன்றாவதாக, இதெல்லாம் பணக்கார நாட்டுப் பேச்சு, இந்தியாவில் பெண்கள் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கே வருகிறார்கள், இங்கே மிகையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நிலைமை உண்மை, முடிவு சரியில்லை. கை குறுகிய இடத்தில்தான் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது, அதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. 2000ஆம் ஆண்டில் தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையத்தை இருப்பிடமாகக் கொண்டு, பிரான்ஸின் லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் சங்கரநாராயணனும் சகாக்களும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வை நடத்தினார்கள். ஆய்வகம் தேவைப்படும் பாப் சோதனைக்குப் பதிலாக, நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து வெண்மை படர்கிறதா என்று செவிலியர் கண்ணாலேயே பார்த்தார். வெண்மை தெரிந்தால் அதே வருகையில் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, சதைத்துண்டு எடுத்து, தேவையானால் உறைய வைக்கும் சிகிச்சையையும் அவரே செய்தார். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். பத்தில் ஒருவருக்கு வெண்மை தெரிந்தது. 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: நோய் 25 விழுக்காடும் அதனால் வரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. இங்கேயும் பொய் எச்சரிக்கை இருந்தது. ஆனால் இன்னொரு நாள் வா என்று அனுப்பாததால் அச்சம் பல வாரங்களுக்கு நீளவில்லை. பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் இரண்டாம் முறை போகவில்லை.

சூ கோல்டியும் சகாக்களும் 2005இல் இந்தியா, கென்யா, பெரு, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளுக்குப் போட்ட கணக்கு இந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. 35 வயதில் ஒரே ஒரு முறை, ஓரிரு வருகையில் முடியும்படி பரிசோதித்தாலே வாழ்நாள் அபாயம் 25 முதல் 36 விழுக்காடு வரை குறையும் என்றது அது. வருகைகள் கூடக் கூட இடையில் விட்டுப்போகும் பெண்கள் கூடுகிறார்கள் என்பதுதான் உள்ளிருக்கும் காரணம். திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோய்க்காக நடந்த ஆய்வும் இப்படிப்பட்டதே. எல்லாரையும் பரிசோதித்தால் ஓர் ஆயுள் ஆண்டுக்கு 835 டாலர். புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் பார்த்தால் 156 டாலர் என்று 2009இல் கணக்கிட்டார்கள். யாரைக் கூப்பிட வேண்டும், யாரை வீணாகக் கூப்பிட வேண்டாம் என்பதைக் கணக்குதான் சொன்னது. அது ஒருமுறை எழுதி மூடிவைக்கும் கணக்கும் அன்று. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வில், அந்நோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடும் சோதனையை ஒரே முறை செய்ததே மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. அசெட்டிக் அமில முறையில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. மும்பையில் ஈராண்டுக்கு ஒருமுறை அதே எளிய முறையைச் செய்து, 2014இல் வெளியிட்ட முடிவில் மரணம் 31 விழுக்காடு குறைந்திருந்தது. சோதனையின் தரம், செய்பவரின் பயிற்சி, இடைவெளி எல்லாம் மாறும்போது விடையும் மாறுகிறது. ஆகவே மறுபடி மறுபடி அளந்தாக வேண்டும்.

தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக நடத்திப் பார்த்து மாநிலம் முழுவதற்கும் இத்தகைய பரிசோதனையைக் கொண்டுபோனது தமிழ்நாடு. 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 2016இல் மத்திய சுகாதார அமைச்சகமும் வழிகாட்டு நெறிமுறை வகுத்தது. இவை வளர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்ற எண், முயற்சியின் அளவைச் சொல்லுமே தவிரப் பயனைச் சொல்லாது. எத்தனை பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள், பயாப்ஸி முடிவுக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு நோயே இல்லை, நோய் இருந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், சிகிச்சைக்குப் பின் அவர்களால் வேலைக்குப் போக முடிகிறதா என்ற ஐந்து எண்களும் மாவட்டவாரியாக அதோடு சேர்ந்து வெளிவர வேண்டும். ஃபாரஸ்ட் அறிக்கை விட்ட பக்கத்தை எழுத பிரிட்டனுக்கு 25 ஆண்டு பிடித்தது. அந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பிறகும் எழுதாமல் விட்டால், அந்தப் பிழைக்குப் பரிசோதனைக்கு வந்த பெண்கள்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.